உஸ்மானியக் கடற்படையின் போர்க்கப்பல்கள்: முதல் உலகப் போரில் எந்தக் கப்பல் என்ன செய்தது?

சனக்கலே, கலிபோலி, தர்தனெல்ஸ் ஆகிய பெயர்களை நம் வீடுகளில் பலரும் கேட்டிருப்போம். துருக்கியத் திரைப்படங்களையும் தொடர்களையும் பார்க்கும் பிள்ளைகள் "குரூசர் என்றால் என்ன? நாசகாரிக் கப்பல் என்றால் என்ன? எல்லாமே போர்க்கப்பல்தானே?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. போர்க்கப்பல் என்ற ஒரே சொல்லுக்குள் பத்து வகைக் கப்பல்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்ய முடியாது.

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் உஸ்மானியப் பேரரசின் கடற்படையிடம் இருந்த கப்பல்களை இக்கட்டுரையில் வகைவாரியாகப் பார்ப்போம். பட்டியலை முழுவதும் படித்தால் ஓர் உண்மை தானாகவே விளங்கும். பெரும் பணம் கொடுத்து வெளிநாடுகளில் வாங்கிய பெரிய கப்பல்கள் அந்தப் பேரரசைக் காப்பாற்றவில்லை. தலைநகரின் வாசலைக் காத்ததில் பெரும்பங்கு, யாரும் பொருட்படுத்தாத சிறிய கப்பல்களுக்கே உண்டு.

அளவுகளைப் புரிந்துகொள்ள

கப்பலின் பருமனை டன் கணக்கில் சொல்வார்கள். பீரங்கியின் வலிமையை அதன் குழல்வாயின் விட்டத்தை வைத்துச் சொல்வார்கள். 28 சென்டிமீட்டர் பீரங்கி என்றால் அது சுடும் குண்டு 28 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது என்று பொருள். வேகத்தை நாட் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 25 நாட் வேகத்தில் போகும் கப்பல் மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர் ஓடும்.

கப்பல்களின் பெயர்களில் பல நமக்குப் பழகிய அரபுச் சொற்களே. துருக்கியர் அவற்றைத் தங்கள் உச்சரிப்பில் சொல்வார்கள். நாம் இங்கே நம் நாவுக்குப் பழகிய வடிவிலேயே எழுதுகிறோம்.

போருக்கு முன் இருந்த நிலை

19ஆம் நூற்றாண்டில் சுல்தான் அப்துல் அஸீஸ் காலத்தில் உஸ்மானியரின் இரும்புக் கவசக் கப்பல் படை உலகின் பெரிய படைகளில் ஒன்றாக இருந்தது. அவருக்குப் பின் பல ஆண்டுகள் அந்தக் கப்பல்கள் இஸ்தான்புல்லின் பொற்கொம்பு நீர்ப்பகுதியில் நங்கூரமிட்டபடியே துருப்பிடித்தன. பயிற்சி இல்லை, பராமரிப்பும் இல்லை.

1909இல் கடற்படைக்குக் கப்பல் வாங்குவதற்காக ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. மக்கள் நன்கொடை கொடுத்தார்கள். 1912இல் பால்கன் போர் வந்தது. ஏஜியன் கடலில் கிரேக்கக் கடற்படையின் அவெரோஃப் என்ற கவசக் குரூசரை உஸ்மானியக் கப்பல்களால் எதிர்த்து நிற்க முடியவில்லை. தீவுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. அந்தப் போரின்போதுதான் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்ய டாக்டர் எம்.ஏ. அன்சாரி தலைமையில் இந்திய முஸ்லிம்களின் மருத்துவக் குழு துருக்கிக்குச் சென்றது.

1. ட்ரெட்நாட்: வந்து சேராத கப்பல்கள்

அன்றைய உலகில் மிகப் பெரிய போர்க்கப்பல் வகை இது. 1906இல் பிரிட்டன் கட்டிய ட்ரெட்நாட் என்ற கப்பலின் பெயரே வகைக்கும் பெயரானது. தடித்த எஃகுக் கவசமும், ஒரே அளவுள்ள பெரிய பீரங்கிகள் பலவும் இதன் அடையாளம்.

உஸ்மானியர் இரண்டு ட்ரெட்நாட்களைப் பிரிட்டனிடம் பெறுவதாக இருந்தது. ஒன்று ரஷாதிய்யா. மற்றொன்று சுல்தான் உஸ்மான். இரண்டாவது கப்பல் முதலில் பிரேசில் நாட்டுக்காகக் கட்டப்பட்டது. 1913 டிசம்பரில் உஸ்மானியர் அதை விலைக்கு வாங்கினர். 14 பெரிய பீரங்கிகள் கொண்ட கப்பல் அது. நன்கொடையும் கடனும் சேர்த்துப் பணம் புரட்டப்பட்டது. கப்பலைப் பெற்றுக்கொள்ள கேப்டன் ரவூஃப் பே இங்கிலாந்துக்குப் போனார். ஏறத்தாழ 500 உஸ்மானிய மாலுமிகளும் அங்கே காத்திருந்தார்கள்.

1914 ஆகஸ்ட் முதல் நாட்களில், ஒப்படைப்பதற்குச் சற்று முன்பாக, பிரிட்டிஷ் அரசு இரண்டு கப்பல்களையும் தனக்கே எடுத்துக்கொண்டது. சுல்தான் உஸ்மான் அஜின்கோர்ட் ஆனது. ரஷாதிய்யா எரின் ஆனது. இரண்டும் 1916இல் ஜட்லாந்து கடற்போரில் பிரிட்டிஷ் கொடியோடு நின்றன. பிரிட்டன் அவற்றை எடுத்துக்கொண்டபோது உஸ்மானியர் போரில் சேர்ந்திருக்கவில்லை. காசு கொடுத்த மக்களின் கோபம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2. போர்க் குரூசர்: யாவுஸ்

பீரங்கியில் ட்ரெட்நாட்டுக்கு நிகர். கவசத்தில் சற்றுக் குறைவு. வேகத்தில் அதைவிடக் கூடுதல். இதுவே போர்க் குரூசர். எதிரியின் சிறிய கப்பல்களைத் துரத்திப் பிடிப்பதும், தன்னைவிடப் பலமான கப்பல் வந்தால் விலகி ஓடுவதும் இதன் உத்தி.

ஜெர்மனியின் கோபென் இந்த வகைக் கப்பல். சுமார் 23,000 டன். நீளம் 186 மீட்டர். 28 சென்டிமீட்டர் பீரங்கிகள் 10. மாலுமிகள் ஆயிரத்துக்கும் மேல். போர் தொடங்கியபோது மத்தியதரைக் கடலில் இருந்த கோபென், தன் துணையான பிரெஸ்லாவோடு பிரிட்டிஷ் கப்பல்களுக்குத் தப்பி, 1914 ஆகஸ்ட் 10 அன்று தர்தனெல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தது. சில நாட்களில் இரண்டும் உஸ்மானியக் கடற்படைக்கு மாற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கோபெனுக்கு யாவுஸ் சுல்தான் சலீம் என்று பெயர் வைக்கப்பட்டது. ஆனால் கப்பலில் இருந்தவர்கள் அதே ஜெர்மன் மாலுமிகள்; தலையில் துருக்கித் தொப்பி மட்டும் ஏறியது. ஜெர்மன் அட்மிரல் சூஷோன் உஸ்மானியக் கடற்படையின் தளபதியானார்.

1914 அக்டோபர் 29 அன்று சூஷோன் தலைமையில் கப்பல்கள் கருங்கடலைக் கடந்து ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கின. யாவுஸ் செவஸ்தபோலைச் சுட்டது. அடுத்த சில நாட்களில் ரஷ்யாவும், பின்னர் பிரிட்டனும் பிரான்ஸும் போர் அறிவித்தன. பேரரசின் அமைச்சர்களிலேயே பலர் விரும்பாத போர் இப்படித்தான் வாசலுக்கு வந்தது.

டிசம்பர் 26 அன்று போஸ்பரஸ் அருகே யாவுஸ் இரண்டு கண்ணிவெடிகளில் மோதியது. அதைத் தண்ணீருக்கு வெளியே எடுத்துப் பழுதுபார்க்கப் போதுமான உலர்துறை உஸ்மானியரிடம் இல்லை. கப்பல் மிதந்தபடி இருக்க, ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றித் தண்ணீர் புகாத அடைப்புக் கட்டி, மாதக்கணக்கில் சரிசெய்தார்கள். பெரிய கப்பல் வைத்திருப்பது வேறு, அதைப் பேணும் திறன் வைத்திருப்பது வேறு என்பதற்கு இது சான்று.

3. பழைய கவசப் போர்க்கப்பல்கள்: ஹைருத்தீன், துர்குத், மஸ்ஊதிய்யா

ட்ரெட்நாட்டுக்கு முந்தைய தலைமுறைக் கப்பல்கள் இவை. கவசம் உண்டு, பெரிய பீரங்கி உண்டு. வேகம் மட்டும் இல்லை. நடுக்கடல் போருக்கு உதவாது. கரையோரத்தில் நின்று படைக்குத் துணையாகச் சுடுவதற்கு உதவும்.

1910இல் ஜெர்மனியிடமிருந்து இப்படி இரண்டு கப்பல்களை உஸ்மானியர் வாங்கினர். 16ஆம் நூற்றாண்டின் கடல் தளபதிகள் இருவரின் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது: பார்பரோஸ் ஹைருத்தீன், துர்குத் ரெயிஸ். ஒவ்வொன்றும் சுமார் 10,000 டன். வேகம் 16 நாட் அளவில். வாங்கும்போதே கடலில் 16 ஆண்டுகள் ஓடிய கப்பல்கள் அவை.

1915 ஆகஸ்ட் 8 அன்று கலிபோலிப் படைக்கு வெடிபொருள் எடுத்துச் சென்ற பார்பரோஸ் ஹைருத்தீனை, மர்மரா கடலுக்குள் ஊடுருவிய பிரிட்டிஷ் நீர்மூழ்கி இ-11 டார்பிடோவால் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்தது. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மஸ்ஊதிய்யாவின் கதை இன்னும் பழையது. 1874இல் லண்டனின் தேம்ஸ் கரையில் கட்டப்பட்ட கப்பல். பிறகு இத்தாலியில் புதுப்பிக்கப்பட்டது. 1914 டிசம்பர் 13 அன்று, தர்தனெல்ஸில் மிதக்கும் கோட்டையாக நிறுத்தப்பட்டிருந்த அதைப் பிரிட்டிஷ் நீர்மூழ்கி பி-11 மூழ்கடித்தது. ஆழம் குறைந்த இடம் என்பதால் அதன் பீரங்கிகள் பலவற்றை மீட்டுக் கரையில் நிறுவினார்கள். கப்பலின் பெயரே அந்தப் பீரங்கித் தளத்துக்கும் நிலைத்தது.

4. குரூசர்கள்: ஹமீதிய்யா, மஜீதிய்யா, மிதில்லி

நடுத்தர அளவு, நல்ல வேகம், நீண்ட தூரம் ஓடும் திறன் கொண்ட கப்பல் குரூசர். வேவு பார்ப்பது, எதிரியின் சரக்குக் கப்பல்களை மறிப்பது, கரையைச் சுட்டுவிட்டு விலகிவிடுவது ஆகியவை இதன் வேலைகள். நம்மவர்களுக்கு இந்த வகை புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் கப்பல் எம்டன் ஒரு குரூசர்தான். அந்தப் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது.

ஹமீதிய்யா இங்கிலாந்தில் கட்டப்பட்டது. பால்கன் போரில் ரவூஃப் பே தலைமையில் கிரேக்க முற்றுகையைக் கடந்து சென்று பெயர் பெற்ற கப்பல் இது. உலகப் போரில் கருங்கடலில் ஓயாமல் ஓடியது.

மஜீதிய்யா அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கட்டப்பட்டது. 1915 ஏப்ரல் 3 அன்று ஒடெசா அருகே ரஷ்யக் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. ரஷ்யர்கள் அதைத் தூக்கியெடுத்து, பழுதுபார்த்து, ப்ரூட் என்று பெயரிட்டுத் தங்கள் கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1918இல்தான் அது உஸ்மானியரிடம் திரும்பி வந்தது.

மூன்றாவது மிதில்லி. கோபெனோடு வந்த பிரெஸ்லாவின் புதிய பெயர் இது. பால்கன் போரில் கைவிட்டுப் போன ஒரு தீவின் பெயரைத்தான் வைத்தார்கள். சுமார் 4,500 டன் எடையும் 27 நாட் வேகமும் கொண்ட மிதில்லி, எம்டனிடம் இருந்த அதே 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளோடு வந்தது. கருங்கடலில் கண்ணிவெடி பதிக்கவும், படையினரை ஏற்றிச் செல்லவும், சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போகவும் மிகவும் பயன்பட்ட கப்பல் இதுவே.

5. நாசகாரிக் கப்பல்: முஆவனத்தே மில்லிய்யா

டார்பிடோ என்பது தண்ணீருக்குள் தானே ஓடிச் சென்று கப்பலின் அடிவயிற்றில் வெடிக்கும் ஆயுதம். அதைச் சுமந்து வரும் சிறிய படகுகளை விரட்டி அழிப்பதற்காகவே நாசகாரிக் கப்பல் முதலில் உருவானது. பிறகு அதுவும் டார்பிடோ சுமக்கத் தொடங்கியது. கவசம் கிடையாது, வேகமும் இருளும்தான் அதற்குப் பாதுகாப்பு.

உஸ்மானியரிடம் முக்கியமாக எட்டு நாசகாரிகள் இருந்தன. நான்கு பிரான்சில் கட்டியவை. ஒவ்வொன்றும் 300 டன்னுக்கும் குறைவு. நான்கு ஜெர்மனியில் 1910இல் வாங்கியவை, சற்றுப் பெரியவை. இந்த நான்கில் ஒன்றுக்கு, நன்கொடை திரட்டிய சங்கத்தின் நினைவாக முஆவனத்தே மில்லிய்யா என்று பெயர் வைத்தார்கள். தேசத்தின் உதவி என்பது பொருள்.

1915 மே 12 நள்ளிரவு கடந்து, மூடுபனி படர்ந்த நேரத்தில், கேப்டன் அஹ்மத் சஃப்பத் இந்தக் கப்பலைக் கரையை ஒட்டியே மெல்லச் செலுத்தினார். டார்பிடோ ஏவும் பணிக்கு ஜெர்மன் அதிகாரி ஒருவரும் உடன் இருந்தார். தர்தனெல்ஸ் முகப்பில் மோர்தோ விரிகுடாவில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் கோலியத் நங்கூரமிட்டு நின்றது. அதன் எடை சுமார் 13,000 டன். மூன்று டார்பிடோக்கள் பாய்ந்தன. கோலியத் கவிழ்ந்தது. அதிலிருந்த சுமார் 750 பேரில் 570 பேர் மாண்டார்கள்.

நன்கொடையாக வந்த காசு இப்படி ஒரு பலனைத் தந்தது. ஆனால் அந்த 570 பேரும் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளைகள்தான் என்பதையும் மறக்காமல்தான் இந்த எண்ணை எழுதுகிறோம்.

6. டார்பிடோ படகு: சுல்தான்ஹிசார், தெமிர்ஹிசார்

நாசகாரியைவிடவும் சிறியது. சுமார் 40 மீட்டர் நீளம், 100 டன்னுக்கும் குறைவான எடை. ஓரிரு சிறிய பீரங்கிகள், சில டார்பிடோ குழல்கள், அவ்வளவுதான். கரையோரக் காவலுக்கானது.

1915 ஏப்ரல் 25 அன்று ஆஸ்திரேலியாவின் ஏஇ-2 என்ற நீர்மூழ்கி தர்தனெல்ஸுக்குள் நுழைந்து, பின்னர் மர்மரா கடலை எட்டியது. ஐந்து நாட்கள் கழித்து, ஏப்ரல் 30 அன்று, கேப்டன் அலி ரிஸாவின் சுல்தான்ஹிசார் அதை மறித்தது. நீர்மூழ்கி கட்டுப்பாட்டை இழந்து மேலே வந்தபோது, டார்பிடோ படகின் சிறு பீரங்கி அதன் உடலைத் துளைத்தது. ஆஸ்திரேலியர்கள் தாங்களே கப்பலை மூழ்கவிட்டுக் கடலில் குதித்தார்கள். 32 பேரையும் சுல்தான்ஹிசார் உயிரோடு காப்பாற்றிக் கைதிகளாக ஏற்றிக்கொண்டது. அந்தச் சண்டையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பெரும் போரில் இப்படி ஒரு நிகழ்வு அபூர்வம்.

அதே ஏப்ரலில் தெமிர்ஹிசார் ஏஜியன் கடலுக்குள் போய், மனிட்டூ என்ற பிரிட்டிஷ் படைக்கப்பலைத் தாக்க முயன்றது. டார்பிடோக்கள் குறி தவறின. ஆயினும் உயிர்காப்புப் படகுகளில் இறங்கும் பதற்றத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் 51 பேர் மூழ்கினார்கள். துரத்தப்பட்ட தெமிர்ஹிசார் கியோஸ் தீவின் கரையில் ஏறிச் சிதைந்தது.

7. கண்ணிவெடி பதிக்கும் கப்பல்: நுஸ்ரத்

இந்தப் பட்டியலில் நாம் அதிகம் நினைவில் வைக்க வேண்டிய கப்பல் இதுதான்.

கடல் கண்ணிவெடி என்பது வெடிமருந்து நிரப்பிய ஓர் இரும்புப் பந்து. கீழே எடைக்கட்டையில் கட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் மிதந்து நிற்கும். கப்பல் உரசினால் வெடிக்கும். அதைச் சுமந்து சென்று குறித்த இடத்தில் வரிசையாக இறக்குவதே கண்ணிவெடிக் கப்பலின் வேலை. சண்டை போடுவது அதன் வேலை அல்ல.

நுஸ்ரத் ஜெர்மனியின் கீல் நகரில் கட்டப்பட்டு 1913இல் சேவைக்கு வந்தது. எடை 365 டன். நீளம் 40 மீட்டர். யாவுஸோடு ஒப்பிட்டால் அறுபதில் ஒரு பங்குதான்.

தர்தனெல்ஸ் நீரிணை சுமார் 61 கிலோமீட்டர் நீளமானது. மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதைக் கடந்தால் மர்மரா கடல், அதற்கப்பால் இஸ்தான்புல். உஸ்மானியர் ஏற்கெனவே நீரிணையின் குறுக்கே பத்து வரிசைக் கண்ணிவெடிகளைப் பதித்திருந்தார்கள். பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து சுட்டுவிட்டு, திரும்பும்போது ஆசியக் கரையோரமாக உள்ள எரன்கோய் விரிகுடாவில் வளைந்து திரும்புவதைக் கரையிலிருந்து கவனித்தார்கள். அந்த வளைவில்தான் புதிய வரிசை தேவை என்று முடிவானது.

1915 மார்ச் 7க்கும் 8க்கும் இடைப்பட்ட இரவில், கேப்டன் ஹக்கியும் கண்ணிவெடிப் பிரிவின் அதிகாரி ஹாஃபிஸ் நஸ்மியும் நுஸ்ரத்தில் புறப்பட்டார்கள். விளக்குகள் அணைக்கப்பட்டன. விடியலுக்கு முன் 26 கண்ணிவெடிகளை, குறுக்காக அல்ல, கரைக்கு இணையாக இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். அடுத்து வந்த நாட்களில் எதிரியின் கண்ணிவெடி அகற்றும் படகுகளும் வேவு விமானங்களும் இந்த வரிசையைக் கண்டுபிடிக்கவில்லை.

மார்ச் 18 அன்று 18 பெரிய போர்க்கப்பல்கள் நீரிணைக்குள் நுழைந்தன. கரைக் கோட்டைகள் எதிர்த்துச் சுட்டன. பிற்பகலில் பிரெஞ்சுக் கப்பல் பூவே திரும்பும்போது வெடித்து, ஏறக்குறைய இரண்டே நிமிடங்களில் 600க்கும் மேற்பட்டோரோடு மூழ்கியது. இன்ஃப்ளெக்ஸிபிள் கண்ணிவெடியில் சிக்கிப் பலத்த சேதத்தோடு விலகியது. இர்ரெஸிஸ்டிபிள், ஓஷன் ஆகிய இரு பிரிட்டிஷ் கப்பல்களும் அன்றே இழக்கப்பட்டன. கூட்டுப்படை பின்வாங்கியது. கப்பல்களால் மட்டும் நீரிணையைத் திறக்கும் முயற்சி அத்துடன் கைவிடப்பட்டது. அதன் பிறகே தரைப்படையை இறக்கும் கலிபோலிப் போர் ஏப்ரல் 25 அன்று தொடங்கியது.

கரையில் நின்று பீரங்கி சுட்டவர்களின் பங்கையும் குறைத்துச் சொல்லக் கூடாது. அவர்களின் சூட்டுக்கு அஞ்சித்தான் கண்ணிவெடி அகற்றும் படகுகள் வேலையை முடிக்காமல் திரும்பின. கோட்டையும் கண்ணிவெடியும் ஒன்றையொன்று காத்தன.

8. பீரங்கிப் படகு: தஜ்லா நதியில்

ஆழம் குறைந்த ஆற்றிலும் கரையோரத்திலும் செல்லக்கூடிய, ஓரிரு பீரங்கிகள் கொண்ட சிறு கப்பல் இது. இராக்கில் மர்மாரிஸ் என்ற பீரங்கிப் படகு இருந்தது. 1915 ஜூன் தொடக்கத்தில், பிரிட்டிஷ் இந்தியப் படை தஜ்லா நதியில் முன்னேறியபோது, தப்ப வழியில்லாமல் மாலுமிகளே அதை எரித்துவிட்டு இறங்கினார்கள்.

ஆறு மாதத்தில் நிலைமை மாறியது. பிரிட்டிஷ் படை பின்வாங்கும்போது டிசம்பர் 1 அன்று ஃபயர்ஃபிளை என்ற அவர்களுடைய பீரங்கிப் படகு உஸ்மானியர் கையில் சிக்கியது. அதற்கு சல்மான் பாக் என்று பெயரிட்டார்கள். நபித்தோழர் சல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் இருப்பதால் அந்தப் பெயர் பெற்ற ஊரின் அருகேதான் அந்த நவம்பரில் பெரும் சண்டை நடந்திருந்தது. அந்தச் சண்டையில் பிரிட்டிஷார் பக்கம் நின்ற இந்தியச் சிப்பாய்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். 1917 பிப்ரவரியில் பிரிட்டிஷார் படகை மீண்டும் கைப்பற்றினர்.

9. நீர்மூழ்கி: முஸ்தஜிப் ஒன்பாஷி

1880களிலேயே உஸ்மானியர் இரண்டு நீர்மூழ்கிகளை வாங்கினர்: அப்துல் ஹமீது, அப்துல் மஜீது. நீருக்கடியிலிருந்து டார்பிடோ ஏவிய முதல் நீர்மூழ்கி என்ற பெயர் அப்துல் ஹமீதுக்கு உண்டு. ஆனால் அவை நீராவியில் ஓடியவை. நீருக்குள் நிலைத்து நிற்காதவை. பயன்படாமல் கிடந்து, உலகப் போர் வந்தபோது துருவேறியிருந்தன. ஆகவே அந்தப் போரில் உஸ்மானியர் பக்கம் நீர்மூழ்கிச் சண்டையை நடத்தியவை ஜெர்மன் கப்பல்களே.

1915 அக்டோபர் 30 அன்று தர்தனெல்ஸில் தரைதட்டிய பிரெஞ்சு நீர்மூழ்கி துர்க்குவாஸை உஸ்மானியர் பிடித்தனர். பெரிஸ்கோப்பைக் குறிபார்த்துச் சுட்ட முஸ்தஜிப் என்ற கார்ப்பரலின் பெயரையே கப்பலுக்கு வைத்தார்கள். சுல்தான்களின் பெயரும் தளபதிகளின் பெயரும் தாங்கிய கடற்படையில் ஒரு சாதாரணச் சிப்பாயின் பெயரும் ஏறியது. அதிலிருந்து கிடைத்த ஆவணங்களால் பிரிட்டிஷ் நீர்மூழ்கி இ-20 எங்கே வரும் என்பது தெரிந்தது. ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அதை மூழ்கடித்தது.

10. துணைக் கப்பல்கள்: நிலக்கரியும் காயம்பட்டவர்களும்

பீரங்கி இல்லாத கப்பல்கள் இல்லாமல் எந்தக் கடற்படையும் ஓடாது. அன்றைய கப்பல்களுக்கு நிலக்கரியே உணவு. இஸ்தான்புல்லுக்கு நிலக்கரி கருங்கடல் கரையிலுள்ள சொங்குல்தாக் சுரங்கங்களிலிருந்து வந்தது. இடையே ரயில் பாதை கிடையாது. கப்பலில்தான் கொண்டுவர வேண்டும். ரஷ்யக் கடற்படை இதை அறிந்து நிலக்கரிக் கப்பல்களையே தேடித் தேடி மூழ்கடித்தது. நிலக்கரி குறையக் குறைய யாவுஸ் துறைமுகத்தில் கட்டுண்டு நின்றது.

1914 நவம்பரில் கிழக்குப் போர்முனைக்குப் பொருள் ஏற்றிச் சென்ற பஸ்மே ஆலம், பஹ்ரே அஹ்மர், மித்ஹத் பாஷா ஆகிய மூன்று கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அந்த முனைக்கு ரயில் இல்லை. அங்காராவுக்கு அப்பால் நடைவழிதான். அந்தக் குளிர்காலத்தில்தான் சரிகமிஷ் மலைகளில் பல்லாயிரம் வீரர்கள் உறைபனியில் மடிந்தார்கள்.

போஸ்பரஸில் மக்களை ஏற்றி இறக்கிய சாதாரணப் பயணப் படகுகள் வீரர்களையும் காயம்பட்டவர்களையும் சுமந்தன. பெல்ஃபாஸ்டில் கட்டிய பழைய பயணிகள் கப்பலான குல்ஜமால், 1915 மே 10 அன்று டார்பிடோவால் தாக்கப்பட்டும் மூழ்காமல் கரை சேர்ந்தது.

போரின் முடிவில்

1918 ஜனவரி 20 அன்று யாவுஸும் மிதில்லியும் தர்தனெல்ஸுக்கு வெளியே வந்து இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்தன. பின்னர் கண்ணிவெடி வயலில் சிக்கின. மிதில்லி 300க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. மூன்று கண்ணிவெடிகளில் மோதிய யாவுஸ் நீரிணைக்குள் தரைதட்டி நின்றது. விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருக்க, அதை இழுத்து விடுவித்தது பழைய துர்குத் ரெயிஸ்.

யாவுஸ் பின்னர் துருக்கிக் குடியரசின் கப்பலாக நீண்ட காலம் இருந்து, 1970களில் உடைக்கப்பட்டது. நுஸ்ரத் சரக்குக் கப்பலாக விற்கப்பட்டு, 1989இல் மெர்சின் அருகே மூழ்கி, பத்தாண்டுகள் கழித்துத் தூக்கி எடுக்கப்பட்டது. இன்று தர்சூஸ் நகரில் அதைப் பார்க்கலாம். சனக்கலேயில் அதன் மாதிரிக் கப்பல் இருக்கிறது. குடும்பத்தோடு துருக்கி செல்பவர்கள் பள்ளிவாசல்களையும் அரண்மனைகளையும் பார்த்த பிறகு ஒரு நாளை இதற்கும் ஒதுக்கலாம்.

பட்டியலை மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா. பெரிய கப்பல் ஒவ்வொன்றும் பிறர் நாட்டில் பிறந்தது. விற்றவன் நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம்; கொடுத்தவன் நினைத்தால் அதை வைத்தே போருக்குள் இழுத்துவிடலாம். இரண்டும் நடந்தன. நுஸ்ரத்தும் வெளிநாட்டில் கட்டியதுதான். ஆனால் எரன்கோய் விரிகுடாவைப் பொறுமையாகக் கவனித்த கண்களும், இருட்டில் கப்பலைச் செலுத்திய கைகளும் அந்த மண்ணுக்குச் சொந்தமானவை. கருவியை விலைக்கு வாங்கலாம். அந்தக் கவனிப்பையும் பயிற்சியையும் வாங்க முடியாது. நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது கப்பல்களின் பெயரோடு இதையும் சேர்த்துச் சொல்வோம்.

1914இல் சுல்தான் உஸ்மான் கப்பலைப் பெற்றுவர இங்கிலாந்து போய், வெறுங்கையோடு திரும்பிய ரவூஃப் பே, 1918இல் கடற்படை அமைச்சராக இருந்தார். அந்த அக்டோபர் 30 அன்று, முத்ரோஸ் துறைமுகத்தில், அகமெம்னன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மேல் போர்நிறுத்த உடன்படிக்கையில் அவர் கையெழுத்திட்டார். மார்ச் 18 அன்று தர்தனெல்ஸில் சுட்டுவிட்டுத் திரும்பிய கப்பல்களில் அகமெம்னனும் ஒன்று.